காதுக்கு வந்து சேராத ஏழாயிரம் சொற்கள்

தைவானில் பள்ளிப்படிப்பு முடித்த யாரிடம் வேண்டுமானாலும் "ஏழாயிரம் சொல்" என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வுகளை நடத்தும் மையம் மேல்நிலைப்பள்ளி மாணவர்களுக்காக வெளியிட்ட ஆங்கிலச் சொல் பட்டியல் அது. ஆறு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அதை வைத்துப் போட்ட தடித்தடியான புத்தகங்கள் இங்கே எந்தப் புத்தகக் கடைக்குப் போனாலும் ஒரு அலமாரியை அடைத்துக்கொண்டு இருக்கும். எங்கள் ஆய்வகத்துப் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பட்டியலைக் கரைத்துக் குடித்தவர்கள். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைக் கையில் கொடுத்தால் மளமளவென்று படித்துவிட்டு நம்மிடமே கேள்வி கேட்பார்கள். அதே கட்டுரையை எழுதியவர் நேரில் வந்து ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினால், கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பாதிதான் பிடிபடுகிறது.

பிள்ளைகள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படிக்கிறார்கள், பள்ளி விட்டதும் புஷிபான் என்கிற ட்யூஷன் சென்டருக்குப் போகிறார்கள், தைபே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நான்யாங் தெரு என்று ஒரு தெருவே ட்யூஷன் சென்டர்களால் பெயர் வாங்கியிருக்கிறது. என் பார்வையில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சீனம் பேசி வளர்ந்த காது ஒரு சொல்லின் எந்தப் பகுதியைக் கவனிக்கப் பழகியிருக்கிறதோ, அங்கே ஆங்கிலம் தன் இலக்கணத்தை வைப்பதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. இங்கே படிக்க வருகிற தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடப் படிக்கிறவர்கள் முதலில் கேட்கிற உதவி ஆங்கிலம்தான், நாமும் கேட்ட உடனே ஒரு இலக்கணப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

நான் இருப்பது ஷின்ச்சுவில். அறிவியல் பூங்காவும் சில்லு நிறுவனங்களும் இருக்கிற ஊர், இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் பக்கத்துப் பக்கத்தில். இங்கே முதுகலை முடிக்கிற எல்லாருக்கும் கண் ஒரு சான்றிதழ் மேல்தான் இருக்கும்: டோயிக் என்கிற ஆங்கிலத் தேர்வின் தங்கநிறச் சான்றிதழ். மொத்தம் 990 மதிப்பெண், கேட்டலுக்கு 495, வாசிப்புக்கு 495. 860 எடுத்தால் தங்க நிறம், 730 எடுத்தால் நீலம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு ஜூனியர் பெண், தைனான் ஊர்க்காரி, என்னை ஷ்யுவேஜியே என்று கூப்பிடுவாள், நம் ஊர்க் கல்லூரியில் சீனியரை அக்கா என்கிற மாதிரி. நீலத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். வாசிப்பில் நல்ல மதிப்பெண், கேட்டலில்தான் சறுக்கல். "அக்கா, அவர்கள் ரொம்ப வேகமாகப் பேசுகிறார்கள்" என்று வந்தாள்.

அவள் வைத்திருந்த பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்தேன். எல்லாமே மாதிரித் தேர்வுகள். ஒரு தேர்வு போடு, விடையைச் சரிபார், தப்பானதுக்கு விளக்கம் படி, அடுத்த தேர்வு போடு. டோயிக்கில் கேட்டல் பகுதி மட்டும் 100 கேள்விகள், 45 நிமிடம், ஒலி ஒரே தடவைதான் வரும். அப்படி ஒன்றைப் போட்டு முடிக்கும்போது காது ஓய்ந்துபோய்விடும், எந்த இடத்தில் எது நழுவியது என்று யோசிக்கக்கூடத் தெம்பு இருக்காது. அதைத் தேர்வு என்று சொல்லலாம், பயிற்சி என்று சொல்ல எனக்கு மனசு வராது. அதனால் ஒரு மாற்றம் செய்தோம். மாதிரித் தேர்வை எல்லாம் மூடி வைத்துவிட்டு, ஒரு நிமிட ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே காகிதத்தில் எழுதுவது. எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். ஊகித்து எழுதக் கூடாது, கேட்காத இடத்தில் கோடு போட்டுவிட வேண்டும்.

அப்படி எழுதியதில் ஒரு வாக்கியத்தை இங்கே காட்டுகிறேன். ஒலியில் இருந்தது, "யூ குட் ஹேவ் டோல்ட் ஹிம் ஐட் பி லேட்." நான் வரத் தாமதமாகும் என்று நீ அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று அர்த்தம். இயல்பான அமெரிக்கப் பேச்சில் அது "யு குடவ் டோல்டிம் ஐட்பி லேட்" என்று ஒரே மூச்சில் வரும். அவள் எழுதியது, "யூ குட் டோல் ஹிம் ஐ பி லேட்."

திரும்பத் திரும்பக் கேட்டும் அதேதான். சரி, ஒலியை விடு, நீ எழுதியதை இலக்கணப்படி திருத்து என்றேன். ஒரு நொடி எடுத்துக்கொள்ளவில்லை. குட் பக்கத்தில் ஹேவ் போட்டாள், டோல் என்பதை டோல்ட் ஆக்கினாள், ஐ பி என்பதை ஐ வுட் பி ஆக்கினாள். கிட்டத்தட்ட மூல வாக்கியமே வந்துவிட்டது. இலக்கணம் அவளிடம் முழுசாக இருக்கிறது, காகிதத்தில். காதுக்கு அது வந்து சேரவே இல்லை. நழுவியது எல்லாம் எங்கே என்று பாருங்கள். ஹேவ் சுருங்கி ஒரு சின்ன 'அவ்' ஆகிவிட்டது, டோல்ட் என்பதன் கடைசி மெய், ஐட் என்பதன் கடைசி மெய். எல்லாம் சொல்லின் வாலில்.

ஏன் வாலில் என்றால், மாண்டரின் சீனத்தில் ஒரு அசை உயிரில் முடியும், இல்லாவிட்டால் ன், ங் என்ற இரண்டு மூக்கொலிகளில் முடியும், சில இடங்களில் பீஜிங் பேச்சில் வருகிற மாதிரி ஒரு 'ர்'. அவ்வளவுதான். நமக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்களேன்: பெய்ஜிங், ஷாங்காய், வூஹான், தைவான். த், ட், க், ப், ஸ் என்று எதுவும் கடைசியில் வராது. அர்த்தத்தைப் பிரிப்பது முதல் மெய்யும், நடு உயிரும், அதன் மேல் ஏறுகிற தொனியும்தான், அதாவது குரலின் ஏற்ற இறக்கம். ஆகவே சீனக் காது அசையின் முன்பாதியையும் தொனியையும் கூர்மையாகப் பிடிக்கும், கடைசியில் ஏதாவது வருமா என்று காத்திருக்காது, காத்திருக்க வேண்டிய அவசியமே அதற்கு வந்ததில்லை. ஆங்கிலமோ இறந்தகாலத்தை வாலில் வைக்கிறது, பன்மையை வாலில் வைக்கிறது, அவன் அவளுக்கு வருகிற 'ஸ்' வாலில், ஐட், ஐல், ஐவ் எல்லாம் வாலில். அதோடு சீன வினைச்சொல் காலத்துக்காக உருமாறுவதே கிடையாது. நேற்று என்று ஒரு சொல், முடிந்துவிட்டது என்று காட்ட 'லெ' என்று ஒரு சின்ன ஒட்டு, வேலை முடிந்தது. ஒலியும் இலக்கணமும் இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்து ஒரே இடத்தில் அடிக்கின்றன.

இதைத் தமிழர்களான நாம் எளிதில் உணர முடியாது. நமக்கு வினையின் வாலில்தான் எல்லாமே: வந்தான், வந்தாள், வந்தார்கள், வருவேன். கடைசி அசை வரும்வரை யார் வந்தது என்றே தெரியாது, அதனால் கடைசிவரை காது கொடுப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். ஆங்கிலத்தில் நமக்கு வேறு சங்கடங்கள் உண்டு, ஆனால் இந்த ஒரு இடத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். சீனம் பேசுகிற நண்பருக்கு உதவ உட்காரும்போது இது ஞாபகம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் "இது எப்படிக் கேட்காமல் போகும்" என்று நமக்குப் பொறுமை போய்விடும்.

அப்புறம் ஒரு விஷயம், எனக்கு இதில் மிகவும் பிடித்தது. அவள் தைனான்காரி என்றேன் இல்லையா. தெற்குத் தைவானில் வீடுகளில் பெரியவர்கள் பேசுவது தைவானிய ஹொக்கியன், மாண்டரினிலிருந்து வேறான ஒரு சீன மொழி. மாண்டரினில் இல்லாத கடைசி மெய்கள் அதில் இருக்கின்றன: ப், ட், க், ம் எல்லாம் உண்டு. பத்துக்கு ட்சாப், ஆறுக்கு லாக், பதினாறுக்கு ட்சாப்லாக். அந்தக் கடைசி 'க்' வெடித்து வெளியே வராது, வாய்க்குள்ளேயே அடைத்து நின்றுவிடும். அமெரிக்கர்கள் நாட், ஸ்டாப், லுக் என்று சொல்லும்போது பல சமயம் கடைசி மெய் அப்படித்தான் அடைத்து நிற்கும். அவளைப் பதினாறு என்று அவள் பாட்டி சொல்கிற மாதிரி சொல்லச் சொன்னேன். சொன்னாள். கடைசியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். ஆங்கில ஒலியில் எதைத் தேட வேண்டும் என்று அவளுக்கு அங்கேதான் பிடிபட்டது. இந்த மொழியைப் பள்ளியில் பேசினால் பிள்ளைகளுக்கு அபராதம் போட்ட காலம் ஒன்று தைவானில் இருந்தது, இன்றைக்கும் இளம்பிள்ளைகள் அதைப் பாட்டி தாத்தாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆங்கிலம் கற்க அது கைகொடுக்கும் என்று எந்த ட்யூஷன் சென்டரும் அவளுக்குச் சொல்லவில்லை, எனக்கு அது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஷின்ச்சு சுற்றுவட்டாரத்தில் ஹக்கா என்கிற இன்னொரு சீன மொழி பேசும் குடும்பங்கள் ஏராளம், ஹக்காவிலும் இந்தக் கடைசி மெய்கள் உண்டு. உங்கள் நண்பர் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

கேன், கான்ட் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடியும், முடியாது என்ற இரண்டும் மாறிப்போனால் தேர்விலும் வேலையிலும் ஆபத்து. புத்தகத்தில் கடைசி 'ட்' இருக்கிறதா என்று கவனி என்று போட்டிருப்பார்கள். அமெரிக்கப் பேச்சில் அந்த 'ட்' பல சமயம் காதில் விழாது. கவனிக்க வேண்டியது நடு உயிரை. முடியும் என்றால் "ஐ கன் கோ" என்று அது சுருங்கிப்போய், அழுத்தம் கோ மேல் விழும். முடியாது என்றால் "ஐ கேன்ட் கோ" என்று கேன் நீண்டு அழுத்தமாக வந்து, ஒரு சின்ன அடைப்போடு நிற்கும். நடு உயிரைக் கவனிப்பது சீனக் காதுக்குப் பழகிய வேலை. அங்கே கவனி என்று சொன்னால் போதும், சட்டென்று வந்துவிடுகிறது.

டோயிக்கில் இரண்டாம் பகுதி என்று ஒன்று உண்டு, 25 கேள்விகள், தாளில் ஒன்றுமே அச்சடித்திருக்காது. கேள்வியும் காதில், மூன்று விடைகளும் காதில். அவளுக்கு மதிப்பெண் அதிகம் போனது அங்கேதான். அதில் எதிர்மறைக் கேள்விகள் வரும்: "டிடின்ட் யூ கெட் மை மெயில்?" மெயில் வரவில்லையா என்றால் நாம் என்ன சொல்வோம்? "ஆமா, வரல." சீனத்திலும் அதேதான், முதலில் கேட்டவர் சொன்னதை ஆமோதித்துவிட்டு அப்புறம் இல்லை என்பார்கள். ஆங்கிலத்தில் "நோ, ஐ டிடின்ட்." இந்த இடத்தில் தமிழும் சீனமும் ஒரு கட்சி, ஆங்கிலம் தனிக் கட்சி. இதை விதியாகச் சொல்லிக்கொடுத்தால் தேர்வு அறையில் யோசிக்க நேரம் கிடைக்காது. அதனால் நாங்கள் ஆய்வகத்தில் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் எதிர்மறையாகவே கேட்டுக்கொண்டோம். சாப்பிடலையா, ஆய்வு மாதிரி இன்னும் தயாராகலையா, பேராசிரியர் வரலையா. எல்லாம் ஆங்கிலத்தில், பதில் உடனே வர வேண்டும். கூட இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நாளில் வாய்க்குப் பழகியது, வாய்க்குப் பழகியது காதுக்கும் பழகிவிட்டது.

இன்னொரு இடத்திலும் நம் இரண்டு மொழியும் ஒன்று. நேற்று வந்த பொறியாளர் என்கிறோம், விவரம் முன்னால், ஆள் பின்னால். சீனத்திலும் நேற்று வந்த என்பதோடு 'த' என்று ஒரு ஒட்டுச் சேர்த்து, அதற்குப் பின்தான் பொறியாளர். ஆங்கிலத்தில் முதலில் தி இஞ்சினியர், அப்புறம் ஹூ கேம் யெஸ்டர்டே, அதற்கும் மேலே ஃப்ரம் தி டோக்கியோ ஆஃபீஸ் என்று நீண்டுகொண்டே போகும். சீனம் பேசுகிறவர் பெயர்ச்சொல் வந்ததும் விவரம் முடிந்தது என்று மனதில் மூடிவிட்டு வினையைத் தேடப் போய்விடுகிறார், பின்னால் வருகிற நீள வாலைப் பிடிக்க ஆள் இல்லை. இதற்கு நாங்கள் செய்தது, பெயர்ச்சொல் வந்த இடத்தில் ஒலியை நிறுத்திவிட்டு, அடுத்து என்ன வரலாம் என்று அவளை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது. எந்த இஞ்சினியர்? என்ன செய்தவர்? எங்கிருந்து வந்தவர்? அப்புறம் ஒலியை ஓடவிடுவது. இலக்கணப் புத்தகத்தில் ஒரு அத்தியாயமாக இருக்கிற சமாச்சாரம் இப்படிச் செய்யும்போது காதுக்குள் ஒரு எதிர்பார்ப்பாக மாறிவிடுகிறது. இலக்கணம் தனி, கேட்டல் தனி என்று நேர அட்டவணை போட்டுப் படிப்பதை நான் இதனால்தான் எதிர்க்கிறேன்.

அவன், அவள், அது மூன்றுக்கும் சீனப் பேச்சில் ஒரே ஒலி, தா. எழுத்தில்தான் வேறுபாடு. ஆகவே பேசும்போது ஹீ, ஷீ மாறும். கேட்கும்போது அவ்வளவு பாதிப்பு இல்லை, விட்டுவிடலாம்.

எண்களை விட முடியாது. சீனத்தில் எண்களை நாலு நாலு இலக்கமாகப் பிரிப்பார்கள். பத்தாயிரம் ஒரு வான், பத்துக் கோடி ஒரு யீ. தைவான் மக்கள்தொகை அவர்களுக்கு 2300 வான் சொச்சம், நமக்கு 2 கோடியே 30 லட்சம் சொச்சம், ஆங்கிலத்துக்கு 23 மில்லியன். லட்சம் கோடியில் வளர்ந்த நமக்கும் மில்லியன் பில்லியன் என்றால் ஒரு நொடி தடுக்கும், அதனால் இந்தக் கஷ்டம் சொல்லாமலே நமக்குப் புரியும். "த்ரீ ஹண்ட்ரட் அண்ட் ஃபார்ட்டி தவுசண்ட்" என்று காதில் விழுந்ததும் அதை 34 வான் என்று மாற்றிக்கொண்டிருந்தால் அதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். தீர்வு, மாற்றவே கூடாது. காதில் விழுந்த எண்ணைச் சீனத்துக்குக் கொண்டுபோகாமல் நேராக இலக்கமாக, மூன்று மூன்றாகக் காற்புள்ளி வைத்து எழுத வேண்டும். முதலில் 340, காற்புள்ளி, அப்புறம் 000. கைக்குப் பழகினால் தலை குறுக்கே வராது. ஊர்களின் மக்கள்தொகை, மலைகளின் உயரம், யூஷான் 3,952 மீட்டர், தைபே 101 கோபுரம் 508 மீட்டர் என்று நான் படிக்கப் படிக்க அவள் எழுதுவாள். இங்கே பெட்ரோல் விலை வாரா வாரம் மாறும், அந்தச் செய்தியை ஆங்கிலத்தில் கேட்டு எழுதுவது இன்னும் நல்ல பயிற்சி.

எந்த ஒலியைக் கேட்பது என்று பலரும் கேட்கிறார்கள். மெதுவாகப் பேசிப் பதிவு செய்த ஆங்கிலச் செய்திகள் தொடக்கத்தில் தைரியம் கொடுக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெதுவாகப் பேசினால் ஹேவ் சுருங்காது, டோல்ட் ஹிம் ஒட்டாது. எந்த இடத்தில் சிக்கலோ அந்த இடமே ஒலியில் இல்லாமல் போய்விடும். ரொம்ப நாள் அதிலேயே இருக்கக் கூடாது. இயல்பான வேகம், ஆனால் ஏற்கெனவே தெரிந்த விஷயம், இதுதான் என் தேர்வு. தைவானில் இதற்கு ஐசிஆர்டி என்று ஒரு ஆங்கில வானொலி இருக்கிறது, 1979இல் அமெரிக்கப் படையின் வானொலி இங்கிருந்து கிளம்பியபோது அதன் இடத்தில் வந்தது. உள்ளூர்ச் செய்தி வாசிப்பார்கள்: புயல் விடுமுறை, நிலநடுக்கம், எண்ணெய் விலை. காலையில் சீனத்தில் படித்த செய்தியை மத்தியானம் ஆங்கிலத்தில் கேட்கும்போது விஷயம் முன்னமே தெரியும் என்பதால் கவனம் முழுவதும் ஒலியில் நிற்கும்.

அதைவிடப் பழையது ஸ்டூடியோ கிளாஸ்ரூம். 1951இல் தைவான் வந்த டோரிஸ் ப்ரோம் என்ற அமெரிக்கப் பெண்மணி 1962இல் வானொலியில் தொடங்கிய ஆங்கில வகுப்பு. ஒரு மாத இதழ் வரும், அதில் உள்ள பாடத்தை வானொலியில் இருவர் உட்கார்ந்து பேசிப் பேசி விளக்குவார்கள். அவர் 2024 ஆகஸ்டில் 98 வயதில் காலமானபோது எங்கள் துறை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஐம்பது வயதுக்கார அம்மா ஒருவர் அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஆங்கிலம் கற்றதாகச் சொல்லிக் கலங்கினார். வீட்டில் காசு இல்லாத பிள்ளைகள் நான்யாங் தெருவுக்குப் போகாமல் வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து கற்ற ஆங்கிலம் அது. நல்ல வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

வசன வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தைவானில் தொலைக்காட்சியைப் போட்டால் நாடகம், செய்தி, சமையல் எதுவானாலும் அடியில் சீன எழுத்தில் வசனம் ஓடும். சீன நிகழ்ச்சிக்கே சீன வரி. பிறந்ததிலிருந்து கண்ணால் கேட்டுப் பழகிய பிள்ளைகள். ஆங்கிலப் படத்தை இரண்டு மொழி வரியோடு பார்த்துவிட்டு நிறையக் கேட்டேன் என்று நம்புகிறார்கள், உண்மையில் நிறையப் படித்திருக்கிறார்கள். என் ஜூனியருக்கு நான் போட்ட கறாரான விதி இது ஒன்றுதான்: முதலில் வரி இல்லாமல் கேள், எழுது, அப்புறம் ஆங்கில வரியை மட்டும் திறந்து ஒப்பிடு. சீன வரி வேண்டவே வேண்டாம்.

சொற்களுக்கு வருகிறேன். அவளுக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் எழுத்தாகவும் பக்கத்தில் ஒரு சீன அர்த்தமாகவும் தெரிந்தவை. தைவான் பள்ளிகளில் உச்சரிப்புக்கு கேகே குறிகள் என்று கற்பிப்பார்கள். கென்யன், நாட் என்ற இருவர் 1944இல் அமெரிக்க உச்சரிப்புக்காகப் போட்ட அகராதியின் குறிகள். இன்றைக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், கெடுதல் இல்லை, ஆனால் அது தனிச்சொல்லின் உச்சரிப்பு, பேச்சின் நடுவே அந்தச் சொல் என்ன ஆகும் என்று அதில் தெரியாது. கம்ஃபர்டபிள் என்று நாலு அசையாக மனப்பாடம் செய்தவளுக்கு கம்ஃப்டபிள் என்று மூன்றாக வந்ததும் புதுச்சொல் மாதிரி இருக்கிறது. தொடக்க நிலைச் சொல்லே இப்படி நழுவும்போது ஆறாம் நிலையில் புதிதாக ஆயிரம் சேர்த்து என்ன பயன்?

அதனால் கேட்டு எழுதியதில் நழுவிய சொல் மட்டும்தான் பட்டியலுக்குள் போகும் என்று வைத்துக்கொண்டோம். அந்தச் சொல்லைத் தனியாக எழுதாமல், வந்த வாக்கியத்தோடு, ஒலியோடு வெட்டி அட்டைச் செயலியில் போடுவாள். அட்டையின் முன்பக்கம் ஒலி மட்டும், எழுத்து கிடையாது. கேட்டு, சொல்லி, எழுதிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பலாம். எழுத்தைப் பார்த்தவுடனே அவளுக்கு எல்லாம் தெரிந்ததாகத் தோன்றிவிடும், அந்தத் தெரிந்த உணர்வுதான் தடை. அகர வரிசையில் படிப்பதை நிறுத்தச் சொன்னதற்கு மட்டும் அவள் மனசு இடம் கொடுக்கவில்லை, ஏழாயிரத்தை வரிசையாக முடித்தால்தான் திருப்தி என்று வளர்த்திருக்கிறார்கள். இரண்டையும் செய்கிறேன் என்றாள், சரி என்றேன்.

கடல் கடந்து அந்தப் பக்கம் சீனாவில் கதை பெரிதாக வேறில்லை. அங்கே கல்லூரி மாணவர்களுக்கு நான்காம் நிலை, ஆறாம் நிலை என்று ஆங்கிலத் தேர்வுகள் 1980களின் கடைசியிலிருந்து நடக்கின்றன, 710க்கு 425 எடுத்தால் தேறியதாக எடுத்துக்கொள்வார்கள், அதில் கேட்டலின் பங்கு 35 விழுக்காடு. பல வளாகங்களில் கேள்வி ஒலியைப் பண்பலையில் அனுப்புவார்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு வானொலி ஹெட்போனோடு தேர்வு அறைக்குப் போவார்கள். தேர்வு நெருங்கும்போது அங்கேயும் மாதிரித் தாள் மேல் மாதிரித் தாள்தான்.

ட்யூஷன் சென்டர்கள் சொல்லிக்கொடுக்கும் தந்திரங்களை நான் ஒதுக்கவில்லை. டோயிக்கின் மூன்றாம் நான்காம் பகுதிகளில் கேள்வியை முன்கூட்டியே படித்துவைப்பது நல்ல பழக்கம். இரண்டாம் பகுதியில் கேள்வியில் வந்த சொல்லைப் போலவே ஒலிக்கும் விடை பெரும்பாலும் பொறி, அதுவும் உண்மை. ஆனால் "யார் கூட்டத்துக்குப் போகிறார்கள்?" என்று கேட்டால் "கூட்டம் ரத்து என்றல்லவா நினைத்தேன்" என்று சுற்றி வருகிற பதில்தான் சரியான விடையாக இருக்கும். அங்கே தந்திரம் நிற்காது, சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். தந்திரத்தில் கிடைக்கிற மதிப்பெண் நீலச் சான்றிதழ்வரை கொண்டுவந்து விடும், அதற்கு மேல் காதுதான்.

போன தேர்வில் அவளுடைய கேட்டல் மதிப்பெண் 400ஐத் தாண்டி நல்ல இடத்துக்கு வந்துவிட்டது. மொத்தத்தில் தங்கத்துக்கு இன்னும் கொஞ்சம் தேவை, மறுபடி எழுதப் பதிவு செய்திருக்கிறாள். இப்போது தடுப்பது பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்பு. டோயிக்கில் அமெரிக்க, கனடியக் குரல்களோடு இவையும் கலந்து வரும், பள்ளியில் முழுக்க அமெரிக்க உச்சரிப்பே கேட்டவளுக்கு ஷெட்யூல் என்றால் ஸ்கெஜூல்தான் என்று உடனே ஓடவில்லை. என் குரலில் படித்துக் காட்டினால் அவளுக்கு எல்லாம் புரிகிறது, ஆய்வகத்தில் தினமும் கேட்டுப் பழகிவிட்டாள், ஆகவே அது பயிற்சியாகாது. பிபிசியின் 'ஆறு நிமிட ஆங்கிலம்' என்ற நிகழ்ச்சியை எடுத்து, அதே பழைய முறையில் ஒரு நிமிடம் ஒரு நிமிடமாக எழுத ஆரம்பித்திருக்கிறோம்.